மூன்றாவது பெஞ்சுக்குக் கீழே ஒரு மைக்

ஆகஸ்ட் 4

தம்பிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனசில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு நாளாக உன் போனை நான் எடுக்கவில்லை. இனியும் எடுக்கப்போவதில்லை. என் குரலை உன்னிடம் கொடுத்துப் பட்டது போதும். சொல்ல ஏதாவது இருந்தால் காகிதத்தில் எழுது. காகிதம் எதையும் பிடித்து வைத்துக்கொண்டு நாலு பேருக்குப் போட்டுக் காட்டாது.

ஜூலையில் வந்து என்ன சொன்னாய்? "அக்கா, கல்வியைப் பத்தி ஒரு கலைவிழா நடத்துறாங்க. நாடகம், ஓவியம், நடனம், சினிமா எல்லாம் உண்டு. மூடிப்போன பள்ளிக்கூடம் ஒண்ணுல ஆளுக்கு ஒரு வகுப்பறை. சத்தத்தை வச்சு ஒரு அறை பண்ணச் சொல்லி எனக்குக் குடுத்திருக்காங்க. உன் வகுப்போட சத்தம் வேணும்" என்றாய். முப்பது வருஷமாக ஐந்தாம் வகுப்பில் தொண்டை வறளக் கத்துகிறேன். அதை வேண்டும் என்று ஒருத்தன் கேட்கிறானே என்று பூரித்துப்போய்த் தலையாட்டினேன். ஹெச்.எம்மிடம் அனுமதி வாங்கினேன். ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் கையெழுத்து வாங்கினேன். நீ மூன்று நாள் வந்து ஜன்னலில் ஒன்று, பெஞ்சுக்கடியில் ஒன்று என்று மைக்கை ஒட்டிவிட்டு வராந்தாவில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாய்.

போன வாரம் பன்னிரண்டு நிமிடம் தயார் என்று அனுப்பினாய். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அதற்கும் ஒரு படி மேலே. தனியாகக் கேட்டுப் பார்க்காமல், இடைவேளையில் ஆசிரியர் அறைக்கு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போய், "என் தம்பி பண்ணினது, எல்லாரும் வாங்க" என்று கூட்டம் சேர்த்தேன். எட்டு நிமிடம் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒன்பதாவது நிமிடத்தில் என் குரல்: "உனக்கு இது வராது. எத்தனை தடவை சொன்னாலும் வராது. உட்காரு."

ஹெச்.எம் கண்ணாடியைத் துடைத்தார். ஓவிய வாத்தியார் டீ ஆறிவிட்டது என்றார். ஆறவில்லை, ஆவி பறந்துகொண்டிருந்தது.

அது குருவியிடம் சொன்னது. வகுப்பில் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் அது, அவ்வளவு சின்னக் குரல். ஏதோ அலுப்பில் சொல்லியிருப்பேன். எனக்கு ஞாபகம்கூட இல்லை. அந்த இடத்தை வெட்டிவிடு. ஊரே வந்து போகிற இடத்தில் நாலு நாள் என்னை நிறுத்தி வைக்காதே.

அக்கா

•

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்கா,

பேனா பிடித்துப் பல வருஷம் ஆகிவிட்டது. கையெழுத்து புரியவில்லை என்றால் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பு.

முதலில் மன்னிப்பு. நீ அதை ஆசிரியர் அறையில் போடுவாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. நீ தனியாகக் கேட்டுவிட்டு என்னைத் திட்டுவாய், இரண்டு பேரும் பேசி முடிவு செய்யலாம் என்று இருந்தேன்.

உன் பெயர் எங்கும் வராது. பள்ளியின் பெயரும் வராது. என் அறை இருட்டறை, உள்ளே சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு மட்டும். பெரியவர்கள் முட்டியை மடக்கி உட்கார்ந்து பன்னிரண்டு நிமிடம் கேட்பார்கள். பக்கத்து அறையில் நாடகக்காரர்கள் ஒரு பரீட்சை நடத்துகிறார்கள். வருகிறவர்களுக்கு ஹால் டிக்கெட் உண்டு, விடைத்தாள் உண்டு, கேள்வித்தாள் மட்டும் கிடையாது. எதிர் அறையில் ஓவியர் ஒருவர் தவறான விடைகளாக எழுதிச் சுவரை நிரப்புகிறார். நடனக்காரப் பெண் பெஞ்சு மேல் ஏறி நிற்கிற தண்டனையை அரைமணி நேரம் ஆடுகிறாள். பார்த்தால் உனக்கும் பிடிக்கும்.

நான் வேலை செய்யும்போது வார்த்தை என் காதில் விழுவதில்லை அக்கா, சத்தம்தான் விழும். நீ அதட்டியதற்குப் பிறகு பதினாலு விநாடி வகுப்பே மூச்சை அடக்குகிறது. பென்சில் ஒன்று உருண்டு நிற்கிறது. அதை வெட்டினால் மற்ற பதினோரு நிமிடமும் விழுந்துவிடும்.

இவ்வளவு எழுதிவிட்டு இதை எழுதாமல் விட்டால் பொய் சொன்னதாகிவிடும். அந்த வாக்கியத்தை மட்டும் வார்த்தையாகவே கேட்டேன். எனக்கு அது பழைய வாக்கியம். பத்து வயதில் சமையலறை வாசற்படியில் ஸ்லேட்டோடு நின்றிருந்தபோது இதே குரலில், இதே மூன்று துண்டாக, நீ என்னிடம் சொல்லியிருக்கிறாய். அதற்குப் பிறகு நான் கணக்கைத் தொடவே இல்லை.

உன் தம்பி

•

ஆகஸ்ட் 13

தம்பிக்கு,

அப்படியா சங்கதி. முப்பத்து மூன்று வருஷம் கழித்துப் பழி தீர்க்கிறாய். அதற்கு ஒரு விழா, ஒரு இருட்டறை, முட்டியை மடக்கி உட்கார நாலு பெஞ்சு.

அந்தச் சமையலறையைப் பற்றி நீ எழுதாததை நான் எழுதுகிறேன். அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற வேலைக்குப் போய்விட்டு விரல் வெளுத்து வருவாள். வந்ததும் என்னைத்தான் கேட்பாள், "அவன் படிச்சானா?" என்று. எனக்குப் பத்தொன்பது வயது. நானும் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் கரண்டி, எதிரில் நீ. நீ கணக்கைப் பார்க்க மாட்டாய், குழாய் சொட்டுகிறதை எண்ணிக்கொண்டிருப்பாய். அதெல்லாம் உன் பெட்டியில் பதிவாகவில்லை போலிருக்கிறது.

விழா நோட்டீஸ் பார்த்தேன். 'கற்றலின் பன்முக வெளிகளை விசாரணைக்கு உட்படுத்துதல்' என்று போட்டிருக்கிறது. இரண்டு தடவை படித்தேன், ஒன்றும் ஓடவில்லை. நாடகம், நடனம், ஓவியம் எல்லாம் கல்வியைப் பற்றிப் பேசுகிறது. பேச ஒரு வாத்தியாரையாவது கூப்பிட்டார்களா? கூப்பிடாமலேயே ஒருத்தி வருகிறாள், திட்டுகிற டீச்சராக. முப்பது வருஷத்தில் நான் சொன்ன நல்ல வார்த்தை ஒன்றுகூடவா உன் மைக்கில் விழவில்லை?

ஆசிரியர் அறையில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசாமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை. நான் உள்ளே போனால் எல்லோருக்கும் நோட்டுத் திருத்துகிற வேலை வந்துவிடுகிறது.

உன் அத்தான், "சின்ன விஷயத்தை ஏன் ஊதுற" என்கிறார். அவருக்கென்ன, அவர் குரலை யாரும் பதிவு செய்யவில்லை.

அந்த இடம் அங்கே ஒலித்தால் நான் வரமாட்டேன். நீயும் இந்த வீட்டுப்படி ஏற வேண்டாம். யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அக்கா

•

ஆகஸ்ட் 17

அக்கா,

வெட்டிவிடுகிறேன். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எனக்கு அக்காவை விட அறை பெரிதில்லை.

பழி என்று எழுதியிருந்தாய், அதுதான் சுட்டது. அம்மா விரல் வெளுத்து வந்தது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. நீ என்னை வளர்த்தாய், அதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. அந்த வாக்கியமும் கூடவே இருந்தது, அவ்வளவுதான் சொல்ல வந்தேன். சொன்ன நேரம் சரியில்லை.

விழா அமைப்பாளரிடம் நிமிடம் குறையும் என்று சொல்லிவிட்டேன். குறையட்டும், ஆனால் மீதி இருப்பது ஏன் இவ்வளவு வழவழவென்று இருக்கிறது என்று கேட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நீ கேள்வி கேட்கிறாய், பிள்ளைகள் டக் டக்கென்று பதில் சொல்கிறார்கள், நல்ல வகுப்புதான். கேட்டு முடித்ததும் மனசில் ஒன்றும் நிற்கவில்லை.

வெட்டப்போகிற இடத்தைக் கடைசியாக ஒரு தடவை கேட்டேன். மூன்றாவது பெஞ்சுக்கு அடியில் ஒட்டிய மைக்கில் மட்டும், பென்சில் நின்ற பிறகு, அந்தக் குருவி முணுமுணுக்கிறாள். ஜன்னல் மைக்கில் அது விழவே இல்லை, உனக்கும் கேட்டிருக்காது. "முப்பத்தாறு... மீதி நாலு." அவ்வளவுதான். பயத்தில் எதையோ எண்ணுகிறாள் போல. என்னவோ தெரியவில்லை, அதை அழிக்கத்தான் கை வரவில்லை. ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான். வெள்ளிக்கிழமை வெட்டிவிடுவேன்.

உன் தம்பி

•

ஆகஸ்ட் 20

தம்பி,

வெட்டாதே. வெட்டியிருந்தால் பழையதை எடு. பழையது இல்லை என்று மட்டும் எழுதிவிடாதே.

உன் கடிதம் கையில் கிடைத்ததும் பாடக்குறிப்பேட்டை எடுத்தேன். நீ வந்த மூன்றாம் நாள், புதன்கிழமை, இரண்டாவது பீரியட். நீள்வகுத்தல். பலகையில் நான் எழுதிப்போட்ட கணக்கு இருநூற்று ஐம்பத்தாறை ஏழால் வகுப்பது.

ஈவு முப்பத்தாறு. மீதி நாலு.

அவள் எதையும் எண்ணவில்லை. விடை சொல்லியிருக்கிறாள். நான் உட்காரச் சொன்ன பிறகு, உட்கார்ந்துகொண்டு, பெஞ்சைப் பார்த்துச் சரியான விடையைச் சொல்லியிருக்கிறாள். உனக்குக் கேட்டது, சரியா தப்பா என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், எனக்குக் கேட்கவில்லை.

அந்த இடத்தை மட்டும் அனுப்பு. காதில் மாட்டிக்கொள்ளும் உன் சாமானையும் சேர்த்து அனுப்பு. எங்கள் ஸ்பீக்கரை நான் நம்பவில்லை.

அக்கா

•

ஆகஸ்ட் 23

அக்கா,

அனுப்பியிருக்கிறேன். ஹெட்போனில் சிவப்புக்குறி வலது காது.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நானே போட்டுப் பார்த்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. ஏழை முப்பத்தாறு தடவை கூட்டித்தான் வந்து சேர்ந்தேன், சிரிக்காதே. ஒரு மாதமாக அந்த முணுமுணுப்பை நூறு தடவை கேட்டிருக்கிறேன். அது என்னவென்று புரியவில்லை. அவளைப் போலவே எனக்கும் வராது என்று ஒதுங்கியவன்தானே நான்.

எழுது. காத்திருக்கிறேன்.

தம்பி

•

ஆகஸ்ட் 30

தம்பிக்கு,

ஏழு தடவை கேட்டேன். முதல் மூன்று தடவை என் குரலைத் தாண்டிப் போக முடியவில்லை. நான்காவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன், அவள் கிடைத்தாள். அழுதேன். உன் அத்தான் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

மறுநாள் வகுப்பில் அதே கணக்கைப் பலகையில் போட்டேன். "ஒரு மாசத்துக்கு முன்னாடி இதுக்குக் குருவி சரியான பதில் சொன்னா. நான் கேக்காம உட்காரச் சொல்லிட்டேன். உனக்கு வராதுன்னும் சொன்னேன். அது என் தப்பு" என்றேன். பிள்ளைகள் முகத்தில் ஈயாடவில்லை. டீச்சர் தப்பு என்று சொன்னால் அடுத்து என்ன செய்வது என்று அவர்களுக்குப் பழக்கமில்லை. கடைசி பெஞ்சில் ஒருத்தன் மட்டும், "அப்போ அவளுக்கு மார்க் உண்டா டீச்சர்?" என்று கேட்டான். உண்டு என்றேன்.

குருவி நிமிரவே இல்லை. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. தப்பை ஒத்துக்கொண்டால் உடனே சிரிப்பார்கள் என்று நாம் நினைத்துவிடுகிறோம்.

சாயங்காலம் அவள் அம்மா வந்தார். தையல் ஆலையில் வேலை, சட்டைக் கையில் நூல் ஒட்டியிருந்தது. விழாவைப் பற்றிச் சொல்லி, நான் திட்டுகிற இடமும் வரும், இவள் குரலும் வரும், உங்களுக்குச் சம்மதம் இல்லையென்றால் இரண்டும் வராது என்றேன். ஹெட்போனை மாட்டிக் கேட்கவும் வைத்தேன். கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். "வீட்டுலயும் இவ பேசறது எங்களுக்குக் கேக்கறதில்ல டீச்சர். ரேடியோ ஓடிட்டே இருக்கும். இவளையே கேளுங்க" என்றார்.

கேட்டேன். அவள் வெகுநேரம் ரிப்பனைத் திருகிக்கொண்டிருந்தாள். அவசரப்படுத்தக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. கடைசியில், "நீங்க சொன்னது இருக்கட்டும் டீச்சர். நான் சொன்னதைக் கொஞ்சம் சத்தமா வைக்கச் சொல்லுங்க" என்றாள்.

அப்படியே செய். ஹெச்.எம்மிடமும் சொல்லிவிட்டேன். "யோசிச்சுக்கோங்க, பேர் போடலைன்னாலும் நம்ம ஆளுங்களுக்குக் குரல் தெரியும்" என்றார். தெரியட்டும். வகுப்பு முழுவதையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். உள்ளே வருவேனா என்று மட்டும் இப்போது கேட்காதே.

அக்கா

•

செப்டம்பர் 16

அன்புள்ள அக்கா,

விழா முடிந்தது. பெஞ்சுகளை எண்ணி ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ வராந்தாவிலேயே நின்றுவிட்டாய். நான் கூப்பிடவில்லை. வாசல் வரை வந்து இருபத்தெட்டுப் பிள்ளைகளை உள்ளே அனுப்பியதே பெரிது. உள்ளே நடந்ததை நான் சொல்ல வேண்டும் இல்லையா.

ஒரு தொழில் விஷயம் முதலில். அவள் குரலைக் கூட்டினால் அறையின் இரைச்சலும் சேர்ந்து கூடியது, கரகரவென்று கேட்கவே சகிக்கவில்லை. நான்கு நாள் மல்லாடினேன். கடைசியில் உன் குரலைக் குறைத்தேன். உன்னைக் குறைத்ததும் அவள் தானாக மேலே வந்தாள்.

பிள்ளைகள் முதலில் ஒரே கும்மாளம். அவரவர் குரல் வரும்போது "நான்டா, நான்டா" என்று ஒருத்தரை ஒருத்தர் குத்தினார்கள். உன் குரல் வந்ததும் அடங்கிவிட்டார்கள். பிறகு பென்சில். பிறகு "முப்பத்தாறு, மீதி நாலு." அவர்களுக்குப் பின்னால் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் "அட" என்றார். அது எந்தக் கணக்கு என்று அவருக்குத் தெரியாது, யாரும் சொல்லவுமில்லை. அந்தக் குரல் எட்டியதற்கே அப்படிச் சொன்னார். குருவி இருட்டில் திரும்பி அவரைப் பார்த்தாள்.

எல்லோரும் போன பிறகு அவள் மட்டும் நின்றாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள், போட்டேன். கேட்டுவிட்டு, "அன்னிக்கு டீச்சர் ஏன் அவ்வளவு கோவமா இருந்தாங்க?" என்றாள். எனக்குத் தெரியாது, டீச்சரிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். கேட்பதாகச் சொன்னாள். முன்கூட்டியே உன் காதில் போட்டு வைக்கிறேன். நல்ல பதிலாகத் தயார் செய்துகொள் என்று சொல்லமாட்டேன், எனக்கும் அதே கேள்விதான்.

தம்பி

•

செப்டம்பர் 20

அன்புள்ள தம்பிக்கு,

முப்பது வருஷத்தில் என் குரலைக் குறைத்த முதல் ஆள் நீ. உன் அத்தான் அந்த வித்தையைச் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறார்.

அவள் கேட்டுவிட்டாள். திங்கட்கிழமை மதியம், எல்லோரும் வெளியே போன பிறகு மேஜையருகே வந்து நின்றாள். வந்த காரியத்தைச் சொல்ல அவளுக்கு நேரம் ஆயிற்று. பதிலைச் சொல்ல எனக்கு அதைவிட ஆயிற்று.

அவளிடம் சொன்னதை உன்னிடமும் சொல்லிவிடுகிறேன். நீ வருவதற்கு முந்தின வாரமே அந்த மூன்று நாள் பாடத்தையும் வகுப்பில் நடத்தி முடித்துவிட்டேன். மேலதிகாரி பார்வையிட வரும்போது செய்கிற வேலைதான், கை பழகிப்போனது. எந்தக் கணக்கு எந்தப் பிள்ளைக்கு, யார் எழுந்து என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகையே பார்த்திருந்தேன். நீ அனுப்பியது வழவழவென்று இருந்தது அதனால்தான். பிள்ளைகள் யோசித்துச் சொல்லவில்லை, ஒப்பித்தார்கள். புதன்கிழமை அந்தக் கணக்குக்கு வைத்திருந்த பிள்ளை காய்ச்சலில் வரவில்லை. வரிசை தவறிவிட்டது. கண்ணில் பட்டவள் குருவி. ஒத்திகையில் நான் அவளுக்கு ஒரு கணக்குகூட வைக்கவில்லை. எழுந்து நின்று யோசித்தாள். வெளியே நீ ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கிறாய், என் தம்பி முன்னால் இவள் என் மானத்தை வாங்குகிறாளே என்று தோன்றியது. மீதி உனக்குத் தெரியும். ஞாபகம் இல்லை என்று முதல் கடிதத்தில் எழுதினேன். நன்றாக ஞாபகம் இருந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "அப்போ பயந்துட்டீங்களா டீச்சர்?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

"நானும்தான்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். பத்தொன்பது வயதில் நம் சமையலறையில் எனக்கு இருந்ததும் அதுதான், தம்பி. அம்மா வந்து கேட்பாளே என்கிற பயம். அதை உன் தலையில் இறக்கிவைத்தேன். நீ பத்து வயதுப் பிள்ளை, அப்படியே சுமந்துகொண்டு போய்விட்டாய். உனக்குக் கணக்கு வந்திருக்கும். எனக்குத்தான் பொறுமை வரவில்லை. அதை அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும்.

அக்கா